மண்வள அட்டையும் மண்நலமும்: பாலாற்றுப் படுகையை முன்வைத்து ஓர் அளவீட்டு நோக்கு

முன்னுரை

பயிருக்கு வேண்டிய ஊட்டங்களை மண் எந்த அளவிற்குக் கொண்டுள்ளது என்பதை மண்வளம் குறிக்கும். நீரை உள்வாங்கித் தேக்குதல், மட்கச் செய்தல், நுண்ணுயிர்களுக்கு இடமளித்தல் ஆகிய பணிகளை மண் தொடர்ந்து ஆற்றும் திறனை மண்நலம் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் அளவீட்டில் நேரும் இடைவெளியை இக்கட்டுரை பாலாற்றுப் படுகையைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது.

அட்டை அளக்கும் கூறுகள்

நடுவண் அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பெற்றது. பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒன்று, மானாவாரி நிலத்தில் 10 எக்டேருக்கு ஒன்று என மாதிரிகள் எடுத்து 12 கூறுகளை அளக்க அத்திட்டம் வகைசெய்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம் ஆகிய நான்கும், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்தும், கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச்சத்து ஆகிய மூன்றும் அவை. உரப்பரிந்துரைக்கு இவை பயனுடையன.

பாலாற்றுப் படுகையின் சான்று

பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பு இடப்படுகிறது. பதனிட குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. இவ்விரண்டும் கழிவுநீர்வழி நிலத்தை அடைகின்றன. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இக்கழிவைக் குறைக்கும் பதனிடு முறைகளை உருவாக்கியுள்ளது. எனினும் முன்னரே படிந்தவை மண்ணில் எஞ்சுகின்றன. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாததாயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முதற்கட்டக் கணக்கெடுப்பை, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

அட்டை காணாதவை

மின்கடத்துதிறன் உவர்ப்பைக் காட்டும். ஆனால் சோடியத்தின் பங்கைப் பிரித்துக் காட்டாது. பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டைக் கடந்த மண் களர் எனப்படும். அதில் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைப்பதால் நீர் இறங்குவதில்லை. அத்தகைய நிலத்தில் ஊட்டங்கள் போதுமானவை என்று அட்டை கூறினும் பயிர் வாடும்.

குரோமியம் அப்பட்டியலில் இல்லை. அதன் மொத்த அளவும் போதிய விடை தாராது. மூவிணைதிறக் குரோமியம் மண்ணில் பெரும்பாலும் அசையாது தங்கும். அறுவிணைதிறக் குரோமியம் நீரில் கரைந்து பரவும் நச்சு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் முன்னதைப் பின்னதாக மாற்றவல்லவை. மாங்கனீசை ஊட்டமாக மட்டும் அளக்கும் அட்டை இவ்வினையைக் கணக்கிற்கொள்வதில்லை.

சீர்திருத்த முறையும் அளவீட்டைப் பொறுத்தே அமையும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். வடிகால் வழியாக அது வெளியேற்றப்பட வேண்டும். ஜிப்சம் குரோமியத்தை அகற்றாது.

முடிவுரை

எல்லா நிலங்களுக்கும் கூடுதல் சோதனைகள் தேவையில்லை. தொழிற்கழிவு படிந்த படுகைகளில் மட்டுமேனும் பரிமாற்றச் சோடிய விழுக்காடு, வடிவம் பிரித்தறிந்த குரோமிய அளவு, நீர் உட்புகும் வேகம், நுண்ணுயிர்ச் செயற்பாட்டைக் காட்டும் டீஹைட்ரோஜினேஸ் நொதி ஆகிய நான்கையும் அட்டையுடன் இணைத்தல் வேண்டும். இல்லையேல், நலிந்த நிலத்திற்கு உரம் மட்டுமே தொடர்ந்து பரிந்துரைக்கப்படும். அதன் செலவு உழவரைச் சாரும்.