தோடிக்குத் தயாரா ரோபோ?

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் நான்காம் நாள் தோடி ராகம். சுவாதித் திருநாள் கிருதிக்கு முன் பாடகர் ஆலாபனை செய்ய, வயலின் இமைப்பொழுது பின்னால் நிழலாகத் தொடரும். கைதட்டல் கிடையாது, மண்டபத்தின் மரபு அப்படி. அந்த வயலின்காரர் இடத்தில் ரோபோ உட்கார முடியுமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கில் வைன்பர்க் குழு உருவாக்கிய ஷிமோன், சக கலைஞர் வாசிப்பதைக் கேட்டு மரிம்பாவில் பதில் வாசிக்கும் ரோபோ. ஆனால் மரிம்பாவில் ஸ்வரங்கள் தனித்தனிக் கட்டைகள். தோடியின் காந்தாரமோ அசைந்துகொண்டே இருப்பது. கர்நாடக இசைக்கென்றே வயலின் வாசிக்கும் 'ஹத்தானி' ரோபோவின் வடிவமைப்பை அங்குள்ள ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள்.

கமகத்தை இயந்திரத்துக்குப் பழக்கலாம். பாடகர் அடுத்து எங்கே போவார் என்று நொடியில் ஊகித்துக் கூடவே போவதுதான் பக்கவாத்தியம். ரோபோ தேற வேண்டிய பரீட்சையும் அதுதான்.