இருபது சதுர அடித் தோலில் எவ்வளவு தேறும்?

ஆம்பூரில் ஷூவுக்கான தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. அளக்கும் இயந்திரம் வயிறு, கால் ஓரம், உண்ணி கடித்த வடு எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும். வெட்டுபவருக்கு அத்தனையும் உதவாது. ஏன்? முதுகில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வயிற்றில் தளர்ந்திருப்பதால் இழுத்தால் நீளும். மேற்புறத்தை உள்ளே வைத்து மடித்துப் பாருங்கள், வயிற்றுப் பகுதியில் பெரிய சுருக்கங்கள் விழும். ஷூவின் முன்பக்கத்துக்கு அது ஆகாது.

எதைச் செய்கிறோம் என்பதையும் பொறுத்தது கணக்கு. பெல்ட்டுக்கு நீளம் வேண்டும். நடுவில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தால் முழுப் பட்டையும் வீண். பர்ஸ் துண்டுகளையோ தழும்பைச் சுற்றி அடுக்கலாம். மாட்டுக்குச் சூடு போடுவதை நிறுத்தினாலே எவ்வளவோ தோல் மிஞ்சும்.

அட்டை மாதிரிகளைத் தோல்மேல் அடுக்கி, வரைந்து எண்ணுங்கள். 20 சதுர அடியில் துண்டுகளின் மொத்தப் பரப்பு 14 என்றால், தேறுவது 70 சதவீதம்.