குளிர்காலமும் சுருட்டை முடியும்: ஊர்ப் பழக்கத்தில் எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது

நொவெம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் தலைமுடியைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். தொப்பியைக் கழற்றியவுடன் பிள்ளையின் முடி எழும்பி நிற்கும். ஊரில் அலை அலையாகக் கிடந்த சுருட்டை முடி இங்கே வைக்கோல் போலக் காய்ந்து, சீப்புப் போட்டால் முறிந்து விழும். "எண்ணெய் வைக்கிறதில்லை, அதுதான்" என்று அம்மம்மா தொலைபேசியில் சொல்லுவா. "எண்ணெய் வைச்சால் பள்ளிக்கூடத்தில மணக்குது எண்டு சொல்லுகினம்" என்று பிள்ளை சொல்லும். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

எங்கள் தலைமுடிப் பழக்கங்கள் எல்லாம் வெயிலும் ஈரக்காற்றும் உள்ள ஒரு நாட்டில் உருவானவை. அங்கே அவை நன்றாகவே வேலை செய்தன. இங்கே காற்று வேறு, தண்ணீர் வேறு. எந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்று விளங்கிக்கொண்டால், எதைத் தொடர்வது, எதைக் கொஞ்சம் மாற்றுவது என்று நாங்களே முடிவு செய்யலாம்.

சுருட்டை முடி ஏன் கெதியாகக் காய்கிறது?

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வெளிப்பக்கத்தில் கூரை ஓடுகள் அடுக்கினாற் போல மெல்லிய செதில்கள் இருக்கின்றன. ஓடுகள் ஒழுங்காகப் படிந்திருந்தால் முடி மினுங்கும், உள்ளே இருக்கும் ஈரமும் நிற்கும். அவை கிளம்பிவிட்டால் முடி சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று சிக்குப்படும்.

நேர்முடி வளரும் வேர்க்குழி நேராக இருக்கும். சுருட்டை முடியின் வேர்க்குழி வளைந்தது. அதிலிருந்து வரும் முடியும் உருண்டையாக இல்லாமல் தட்டையாகவே இருக்கும். மண்டைத் தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் இலகுவாக வழிந்து நுனிக்குப் போய்விடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவையும் தாண்ட வேண்டியிருப்பதால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் ஒரே தலையில் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பாகவும் நுனி காய்ந்தும் இருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். 30 சென்ரிமீற்றர் நீளமான முடியின் நுனிக்கு இரண்டரை வயது. இரண்டு குளிர்காலங்களையாவது கண்ட நுனி அது. அதை வேர்ப்பக்கத்து முடியைவிடப் பக்குவமாகத்தான் கையாள வேண்டும்.

வெளியே குளிர், உள்ளே வறட்சி

குளிர்தான் முடியைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் கூடுதலான சேதம் நடப்பது வீட்டுக்குள்ளே, ஹீற்றர் போட்ட அறையில்.

யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதன் 75 வீதம் என்றால், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ மைனஸ் 10 பாகை உள்ள நாளில் காற்றால் இரண்டரைக் கிராம் நீராவியைக்கூடத் தாங்க முடியாது. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடாகும்போது அதற்கு 18 கிராம் வரை தாங்கும் வலு வந்துவிடுகிறது. ஆனால் அதில் இருப்பதோ அதே இரண்டு கிராம் சொச்சம்தான். சமைப்பதாலும் குளிப்பதாலும் கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலும், அந்த அறைக் காற்று தாகத்தோடுதான் இருக்கும். எங்கள் உதடு, தோல், முடி எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கம்பளித் தொப்பியைக் கழற்றும்போது முடி எழும்பி நிற்பதும் இதனால்தான். காய்ந்த காற்றில் உராய்வால் வரும் மின்னேற்றம் போக வழியில்லாமல் முடியிலேயே தங்கிவிடுகிறது.

எனவே முதல் வேலை அறையைக் கவனிப்பது. ஈரப்பதன் காட்டும் சிறிய மானி ஒன்று குறைந்த விலைக்கே கிடைக்கும். வீட்டுக்குள் 30 முதல் 50 வீதம் வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் படுக்கை அறையில் ஈரமூட்டும் கருவி வைக்கலாம், அல்லது தோய்த்த உடுப்பை அங்கே காயவிடலாம். ஆனால் யன்னலில் தண்ணீர் வழிகிறது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது என்றால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினைதான் அதிகம். அங்கே ஈரமூட்டும் கருவி வேண்டாம். 

எண்ணெய்: அம்மம்மா சொன்னதில் எது சரி?

தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதிலுள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் அது முடியின் உள்ளே ஊறிப் போகிறது. 2003 ஆம் ஆண்டில் ரெலே, மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான் என்று எழுதினார்கள். அவர்கள் வேலை செய்தது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எங்கள் பாட்டிமாரின் அனுபவமும் அதைத்தான் சொன்னது.

எண்ணெய் செய்யாத வேலையும் ஒன்று உண்டு. அது முடிக்குத் தண்ணீர் கொடுக்காது. ஊரில் அந்தத் தண்ணீரைக் காற்றே கொடுத்தது. எண்ணெய் அதைப் பிடித்து வைத்திருந்தது. இங்கே காய்ந்த முடிக்கு மேல் எண்ணெயைப் பூசினால் முடி பிசுபிசுக்கும், ஆனால் வறட்சி போகாது.

ஆகவே எண்ணெயை விடாமல் நேரத்தை மாற்றலாம். சனிக்கிழமை பின்னேரம் முடியின் நடுப்பகுதியிலும் நுனியிலும் எண்ணெய் வைத்து, இரண்டொரு மணித்தியாலம் விட்டு முழுகலாம். முழுகி முடித்தபின் முடி ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையில் இரண்டு மூன்று துளி எண்ணெயைத் தேய்த்து நுனியில் மட்டும் தடவலாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையில் எண்ணெய் மணமும் இருக்காது, அம்மம்மாவுக்கும் மனக்குறை இருக்காது. எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாவது அதன் இயல்பு. பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் இளகிவிடும்.

முழுகும் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. தேசிக்காயைத் தலைக்கு வைத்து முழுகும் வழக்கம் அந்தத் தண்ணீருக்குப் பொருத்தமாக அமைந்தது. முடியில் படியும் சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும், கிளம்பிய செதில்களையும் படிய வைக்கும்.

இலண்டன் தண்ணீரும் சுண்ணாம்பு நிலத்தினூடாக வருவதுதான். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டினால் உங்கள் வீட்டிலும் வன்தண்ணீர் என்று அறிந்துகொள்ளலாம். அப்படியான இடங்களில் மாதம் ஒன்றிரண்டு தடவை, பாதித் தேசிக்காயை ஒரு லீற்றர் தண்ணீரில் பிழிந்து, வடித்து, கடைசியில் முடியில் ஊற்றி, பின் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோர்வே, ஸ்கொட்லாந்து போன்ற இடங்களில் தண்ணீர் மென்மையானது. அங்கே இது தேவைப்படாது.

சுருட்டை முடிக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை ஷம்பூ போதும். ஷம்பூ மண்டைத் தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாளில் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கத்தான் ஆசை வரும். ஆனால் தலைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரே நல்லது.

தலை இழுப்பது எப்படி?

ஊரில் முழுகி, உலர்ந்த பிறகு தலை இழுத்துப் பின்னுவது வழக்கம். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் இழுத்தால் சுருள்கள் குலைந்து, முடி பொங்கி, முறியும். கண்டிஷனர் போட்டு வழுவழுப்பாக இருக்கும்போதே, பல் அகன்ற சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் ஏறி இழுக்க வேண்டும். நனைந்த முடி கூடுதலாக இழுபடும். அதனால் வழுக்கும் தன்மை இல்லாமல் அதை வலிந்து இழுக்கவும் கூடாது, ஈரத்தோடு இறுக்கிப் பின்னவும் கூடாது. எப்போதும் இறுக்கமாகப் பின்னினால் நெற்றியோரத்து முடி நாளடைவில் கொட்டிப்போகும்.

துவாயால் முறுக்கித் துடைக்காமல், பழைய பருத்தி ரீசேர்ட்டால் ஒற்றி எடுங்கள். தலையணைக்குப் பருத்தி உறைக்குப் பதிலாக சற்றின் உறை போட்டால் உராய்வு குறையும். கம்பளித் தொப்பியின் உட்பக்கத்திலும் ஒரு துண்டு சற்றின் துணி தைத்துவிடலாம். வீட்டில் கிடக்கும் பழைய சேலையின் அல்லது பாவாடையின் வழுவழுப்பான துணியே இதற்குப் போதும்.

"ஈரத்தலையோட வெளியில போகாதை, தடிமன் பிடிக்கும்" என்று சொல்லாத அம்மாமார் இல்லை. தடிமன் வருவது வைரஸால். ஈரத் தலை அதைக் கொண்டுவராது. ஆனால் உறைபனியில் ஈரமான தலையோடு போவது பிள்ளைக்கு நன்றாகவே குளிரும். இரவில் நேரத்தோடு முழுகிவிட்டால் அந்தச் சண்டையும் வராது.

பொடுகும் முடி கொட்டுவதும்

குளிர்காலத்தில் பொடுகு கூடினால் பலரும் முதலில் எண்ணெயைத்தான் எடுப்போம். வெறும் வறட்சி என்றால் அது உதவலாம். ஆனால் மஞ்சள் நிறமான, பிசுபிசுப்பான செதில்களும் கடியும் இருந்தால், தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். அது எண்ணெயைத் தின்று வளர்வது. அப்போது மண்டைத் தோலில் எண்ணெய் வைப்பதை நிறுத்தி, மருந்துக்கடையில் கீற்றோகொனசோல் உள்ள ஷம்பூவைப் பற்றிக் கேளுங்கள்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சுருட்டை முடியில் உதிர்ந்த முடி சுருளுக்குள்ளே சிக்கி நின்று, முழுகும் நாளில் ஒன்றாக வருவதால் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் வட்டமாக ஓரிடத்தில் கொட்டுவது, வகிடு அகன்றுகொண்டு போவது, களைப்போடு சேர்ந்து கொட்டுவது ஆகியவற்றுக்கு எண்ணெயும் கண்டிஷனரும் மருந்தல்ல. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் போன்ற காரணங்கள் இருக்கலாம். குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

"பரட்டை" என்ற சொல்

கடைசியாக ஒரு விடயம். எங்கள் பெண்பிள்ளைகள் பலர் 12, 13 வயதிலேயே முடியை நேராக்கக் கேட்கிறார்கள். சூட்டுக் கருவியால் நேராக்குவது அடுத்த முழுக்கு மட்டும்தான் நிற்கும். ஆனால் திரும்பத் திரும்பச் சூடு பட்டால் செதில்கள் உடைந்து, சுருள் திரும்பி வராமலே போகலாம். இரசாயனம் போட்டு நேராக்குவதில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022 ஒக்ரோபரில் முடிவை வெளியிட்டார்கள். நேராக்கும் இரசாயனங்களைப் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம். ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் அது 4.05 வீதம். இரசாயனம்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் 13 வயதுப் பிள்ளையை அதில் பழக்க முன் யோசிக்க இது போதும்.

பிள்ளை ஏன் கேட்கிறாள் என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் சொன்ன கதை ஒரு பக்கம். "என்ன பிள்ளை, பரட்டைத் தலையோட வந்திருக்கிறாய், தலை இழுக்கேல்லையோ?" என்று சாமத்திய வீட்டில் மாமி கேட்டது மறுபக்கம். இரண்டாவதைத் தடுப்பது எங்கள் கையில் இருக்கிறது. எங்கள் அம்மாமாரில் பலருக்கும் இதே சுருட்டை முடிதான். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டியதால் அது வெளியே தெரியவில்லை. அம்மாவின் பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டி, "இது உங்கட அம்மம்மாவின்ர முடி" என்று சொன்னால் பிள்ளைக்கு அது வேறு விதமாகப் படும்.

சுருட்டை முடியைப் பராமரிக்கும் அறிவில் பெரும்பகுதியை இந்த நாடுகளில் வளர்த்தவர்கள் ஆபிரிக்க, கரீபியப் பெண்கள். தங்கள் முடிக்காக அவர்கள் பள்ளிக்கூடத்தோடும் வேலைத்தலத்தோடும் போராடினார்கள். 2019 இல் கலிபோர்னியாவில் முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால்தான். பாரிஸில் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு ஷற்றோ டோ பகுதியின் ஆபிரிக்க முடி அலங்காரக் கடைகள் கிட்டத்தான். இலண்டனில் குரொய்டனிலும் அப்படியான கடைகள் உண்டு. சுருட்டை முடியை வெட்டத் தெரிந்தவர்கள், அதற்கேற்ற சீப்பும் கண்டிஷனரும் எல்லாம் அங்கே கிடைக்கும். வெட்கப்படாமல் உள்ளே போய்க் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும் என்றில்லை. இந்த வாரம் பல் அகன்ற சீப்பு ஒன்றும் சற்றின் தலையணை உறை ஒன்றும் வாங்குங்கள். சனிக்கிழமை முழுக்குக்கு முன் எண்ணெயை வையுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். சீப்பில் வரும் முறிந்த முடி குறைகிறதா என்று உங்கள் பிள்ளையையே கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.