வளர்ச்சி ஹார்மோன் சோதனையும் குழந்தையின் இரத்த அழுத்தமும்

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் அனைவருக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று கொள்ளுதல் தவறு. பெற்றோரின் உயரம், ஊட்டக்குறைவு, நாள்பட்ட நோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். அதன் பின்னரே ஹார்மோன் சோதனைக்கு இடமுண்டு. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை இக்குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால் மெய்ப்பிக்கப்பட்ட குறைபாடு என்பது அதன் நிபந்தனை. எனவே சோதனையைத் தவிர்க்க இயலாது.

பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை ஒரே சீராகச் சுரப்பதில்லை. பெரும்பகுதி ஆழ்ந்த உறக்கத்தின்போது விட்டுவிட்டு வெளிப்படுகிறது. பகலில் ஒருமுறை எடுத்த இரத்தத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே சுரப்பியை மருந்தால் தூண்டி, அரைமணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து அளவிடுகின்றனர்.

இதற்குப் பெரிதும் பயன்படும் குளோனிடின், அடிப்படையில் உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தாகும். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்ற கணக்கில் அது வாய்வழியே தரப்படுகிறது. எனவே சோதனையின்போது அழுத்தம் இறங்குவது விபத்தன்று. மருந்தின் இயல்பான செயலே. குழந்தை வெளிறி, உறங்கிவிடுவதும் உண்டு.

மருந்து கொடுக்குமுன் எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தமானியின் பட்டை குழந்தையின் கைக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். பெரியவர்களின் பட்டை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஒன்று முதல் பத்து வயது வரை, வயதின் இருமடங்கோடு 70ஐக் கூட்டினால் சுருங்கழுத்தத்தின் கீழ்வரம்பு கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது 82 மி.மீ. பாதரசம். இதற்குக் கீழே சென்றால் குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். அது போதாதபோது, மருத்துவர் கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் உப்புநீரைச் சிரைவழியே செலுத்துவார். இரத்தம் எடுப்பதற்காக முதலிலேயே பொருத்திய குழலை இதற்காகவும் அகற்றாமல் வைத்திருப்பது நல்லது.

குழந்தையின் சோர்வு முழுவதையும் குளோனிடினின் தலையில் சுமத்திவிடலாகாது. வெறும் வயிற்றோடு வந்த குழந்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே அளந்து பார்க்க வேண்டும். பிட்யூட்டரி பழுதுபட்டிருப்பின் கார்டிசாலும் குறைந்திருக்கக்கூடும். உப்புநீருக்கும் அழுத்தம் உயராதபோது இந்த ஐயம் வலுக்கிறது. அப்போது ஹைட்ரோகார்டிசோன் தாமதமின்றித் தேவைப்படும்.

சோதனை முடியும் வேளையே மிகுந்த கவனத்துக்குரியது. கடைசி இரத்தம் 90 அல்லது 120 நிமிடத்தில் எடுக்கப்படுகிறது; மருந்தின் செயலோ அதற்குப் பின்னரும் சில மணி நேரம் நீடிக்கிறது. படிவம் நிரம்பிவிட்டது என்பதற்காகக் குழந்தையை எழுப்பி அனுப்பினால், அது நடைவழியிலேயே மயங்கி விழக்கூடும். நீர் அருந்தச் செய்து, உப்புச் சேர்ந்த உணவு கொடுத்து, முதலில் உட்காரவைத்தும் பின்னர் நிற்கவைத்தும் அழுத்தத்தை அளந்த பிறகே அனுப்புதல் முறை. அன்று முழுவதும் குழந்தையைத் தனியே விடாதிருக்கவும், மிதிவண்டி ஓட்டவிடாதிருக்கவும் பெற்றோருக்கு அவர்தம் மொழியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.