மூளையின் ஊகம் தப்பும்போது

காரைக்கால் பக்கத்துக் கிளிஞ்சல்மேட்டு மீனவருக்கு வலையை இழுக்கும்போதே மீன்பாடு எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். நினைத்தபடியே மத்தி ஏறிய நாளெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும். நினைக்காத மீன் பட்ட நாள்தான் பல வருடம் பேச்சில் நிற்கும்.

மூளை அடுத்தது என்ன என்று ஓயாமல் ஊகிக்கிறது. ஊகம் பலித்தால் புதிதாகக் குறித்துக்கொள்ள அதிகம் இருப்பதில்லை. 1990களில் நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்ததும் அவை படபடத்தன. சைகை வந்தால் சாறு வரும் என்று பழகியபின், சைகைக்குத்தான் படபடப்பு, சாற்றுக்கு ஒன்றுமில்லை. சைகை வந்தும் சாறு வராதபோது, வழக்கமான துடிப்பும் அந்த நொடியில் அடங்கியது. ஆக, அவை கணக்கிட்டது சாற்றை அல்ல, ஊகத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை. அதே டோபமைன், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நினைவு உறுதிப்படவும் உதவுகிறது.

ஊகம் தப்புவதோடு உயிர்ப்பயமும் சேர்ந்தால்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே நம் நேரப்படி காலை ஆறரைக்கு நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் ஆழிப்பேரலை காரைக்கால் கரையில் ஏறி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இப்படிப்பட்ட நேரத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி வழியாகப் பதிவை இன்னும் அழுத்தமாக்குகிறது.

அழுத்தமான நினைவெல்லாம் சரியான நினைவு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எப்படி அறிந்தோம் என்று அமெரிக்க மாணவர்கள் உளவியலாளர் உல்ரிக் நைசருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்டபோது கால்வாசிப் பேருக்கு முக்கிய விவரம் எல்லாமே மாறியிருந்தது. வகுப்பில் கேள்விப்பட்டதாக முதலில் எழுதிய ஒரு மாணவி, இம்முறை அறைத்தோழியோடு டிவியில் பார்த்ததாகச் சாதித்தார். பெரிய செய்தியை டிவியில்தானே பார்ப்போம்! நினைவில் ஓட்டை விழுந்த இடத்தைப் பழைய எதிர்பார்ப்பு வந்து அடைத்துவிடுகிறது. கடலோர ஊர்களில் வாய்மொழி வரலாறு திரட்டுவோர், அலை வந்த நேரத்தை ஒருவர் அடித்துச் சொன்னாலும் இன்னொரு சான்றோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

ஆச்சரியத்தை நல்லதுக்கும் திருப்பலாம் என்பது ஆசிரியர்களுக்கு உதவும். அர்ஜென்டினா பள்ளிகளில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இது: பிள்ளைகளுக்கு ஒரு கதை படித்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வழக்கத்துக்கு மாறான அறிவியல் வகுப்பு நடந்திருந்தால், கதையைப் பிள்ளைகள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நான்கு மணி நேரம் தள்ளி நடந்த வகுப்புக்கும், முன்பே பழகிப்போன வகுப்புக்கும் அந்தப் பலன் இல்லை.