நுரையீரலைக் காக்கும் பருப்பும் பாலும்

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய காலம் முதல் ராஜபாளையம் பஞ்சை நம்பி வாழும் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தறிகள் ஓடுகின்றன. இங்கே நுரையீரலைப் பற்றிப் பேச்சு வந்தால் பஞ்சுத் தூசியோடு முடிந்துவிடுகிறது. தூசியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கும் பிசினோசிஸ் வரலாம். அதைச் சாப்பாட்டால் தடுக்க முடியாது. ஆனால் காசநோயின் கதை வேறு. அதன் கிருமி உடலுக்குள் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எதிர்ப்பு அணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. உடல் மெலிந்து புரதம் குறையும்போது அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே சத்தான உணவையும் நுரையீரல் பாதுகாப்பின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு வலுவான சான்று ஜார்க்கண்டிலிருந்து வந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-ல் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் அரிசி, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் கிடைத்தன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாகத் தரப்பட்டன. அந்தப் பிரிவில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது; தொற்றிப் பரவும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. விலை உயர்ந்த டானிக் எதுவும் இதில் இல்லை. பெரும்பாலும் ரேஷன் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கிற பொருள்கள்தாம்.

சென்னையில் நடந்த ஆய்வே இதை மறுக்கிறதே என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். 1959-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு அது: காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் நல்ல உணவோடு இருந்தவர்களுக்கு ஈடாக, வீட்டில் எளிய உணவோடு மாத்திரை சாப்பிட்டவர்களும் குணமானார்கள். உண்மைதான், ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க வழிசெய்த ஆய்வு. ஆனால் அது கேட்ட கேள்வி, வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் மருந்து வேலை செய்கிறதா என்பது. மெலிந்த உடலில் நோய் ஏன் எளிதாக வருகிறது, சிகிச்சையின் தொடக்கத்திலேயே சிலர் ஏன் இறக்கிறார்கள் என்பவை வேறு கேள்விகள். தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', மிகவும் மெலிந்த நோயாளிகளை முதலிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது அந்த இறப்புகளைத் தடுக்கத்தான்.

சாப்பாட்டைப் பேசினால் ஆலைகள் தூசிப் பொறுப்பிலிருந்து நழுவிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. தூசியை உறிஞ்சும் கருவிக்கு முட்டை ஈடாகாது; இரண்டையும் கேட்க வேண்டும். மத்திய அரசு 2024 நவம்பர் முதல் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் அதே வீட்டில் உறங்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான உணவுக் கூடை நன்கொடையாளர் கையில் இருக்கிறது. அதை ரேஷன் கடை வழியே உரிமையாக்கலாம். நைட் ஷிப்ட் கேன்டீனில் டீயோடு சுண்டலும் முட்டையும் வைக்க எந்த ஆலையும் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.