நேராகப் பறப்பதாக நினைத்தபடியே விமானி கடலில் விழுவது எப்படி?

1999 ஜூலை 16 இரவு. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய சிறு விமானம், மார்த்தாஸ் வின்யார்டு தீவருகே கடலில் விழுந்தது. அவரோடு மனைவியும் மனைவியின் அக்காவும் இறந்தனர். மீட்ட எஞ்சினில் கோளாறு தென்படவில்லை. ரேடார் பதிவில் தெரிந்தது வலப்பக்கச் சாய்வும், நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டிய இறக்கமும்.

ஏன்? உட்செவிக் குழல்களில் உள்ள திரவத்தின் அசைவால்தான் திரும்புவதை உணர்கிறோம். சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்து சுழலும், உணர்வு மறைந்துவிடும். பகலில் தொடுவானம் காட்டிக்கொடுக்கும். அன்று இருட்டு, மூட்டம், கீழே கடல்.

புலன் தடுமாற்றமே காரணம் என்றது விசாரணை வாரியம். தப்பும் வழி, உடலை நம்பாமல் கருவிகளை நம்புவது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை.